பெரியம்மா கையெழுத்திட்ட ஒற்றை வரி

பெரியம்மா வீட்டின் மூத்த பெண். பிறந்த எட்டாம் நாள் ஞானஸ்நானம், ஒன்பது வயதில் புதுநன்மை, பதின்மூன்றில் உறுதிபூசுதல். தந்தையை அடக்கம் செய்தபோது வயது இருபத்திரண்டு. அதே ஆண்டு மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. உடன்பிறந்தவர் ஒருவர்தான், அவரைவிட ஒன்பது வயது இளையவரான என் அம்மா. உயரம் ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குறைவு. இடது முன்கையில் நீராவி சுட்ட தழும்புகள் இரண்டு. இறந்தது எழுபத்திரண்டாம் வயதில், மூளையில் இரத்தக் கசிவால்.

அவருடைய நினைவு அட்டையில் 'தாழ்ச்சியின் உருவம்', அதாவது பணிவின் உருவம், என்று உறவினர்கள் அச்சிட்டார்கள். குடும்பக் குறிப்பேட்டில் அந்தச் சொல்லை அப்படியே பதிவதற்கு முன், அவருடைய நாற்பத்தொன்றாம் வயதில் நடந்ததைப் பதிந்துவிட வேண்டும். எனக்கு அப்போது ஏழு வயது. நான் நேரில் கண்டது எதுவும் இல்லை. பெரியம்மாவின் கோடு போட்ட நோட்டு ஒன்றும், மருத்துவமனைக் கடிதத்தின் நகல் ஒன்றும் என்னிடம் இருக்கின்றன. மற்றவை அம்மாவும், மருத்துவமனையில் குழாய் வேலை பார்த்தவரும், பெரியம்மாவும் வெவ்வேறு காலங்களில் சொன்னவை.

பெரியம்மாவின் வேலை, அறுவைக் கருவிகளைக் கிருமி நீக்குவது. கத்தி, கத்தரி, இடுக்கி எல்லாவற்றையும் கழுவித் துடைத்துப் பச்சைத் துணியில் மூட்டையாகக் கட்டி, மூட்டையின் மேல் ஒரு காகிதப் பட்டையை ஒட்டுவார். வெளிறிய கோடுகள் உள்ள அந்தப் பட்டை, சூடு பட்டால் கறுத்துவிடும். பிறகு மூட்டைகளை இயந்திரத்தின் மேல்தட்டிலும் கீழ்த்தட்டிலும் அடுக்கி, கதவின் சக்கரத்தைத் திருகி மூடி, அழுத்தமானியின் முள் ஏறியதும் நேரம் குறிப்பார். இருபது நிமிடம் நீராவி. சுவரில் ஒரு கடிகாரம், கையில் ஒரு கடிகாரம். இரண்டும் ஒத்துப்போனால்தான் கதவைத் திறப்பார். பத்தொன்பது ஆண்டுகளாக அப்படி. மருத்துவமனையில் அவருக்குப் பெயரே 'கடிகாரம்' ஆகிவிட்டது.

பக்தியிலும் அதே ஒழுங்கு. ஈஸ்டருக்கு முந்திய ஒவ்வொரு தவக்காலத்துக்கும் ஒரு வைராக்கியத்தை நோட்டில் எழுதி, நாற்பது நாளும் அதன்படி நடப்பார். ஓர் ஆண்டு சர்க்கரை இல்லாத தேநீர். மற்றோர் ஆண்டு பூசையில் கடைசி வரிசை. "எங்க அக்கா தாழ்ச்சியக் கூட டைம்டேபிள் போட்டுத்தான் செய்வா" என்று அம்மா கேலி செய்வாராம்.

அந்த ஆண்டுத் தியானக் கூட்டத்தில் பேசவந்த வெளியூர்ச் சாமியார், பொய்ப் பழிகளுக்குப் பதில் சொல்லாமல் பிலாத்துவின் முன் ஆண்டவர் காத்த மௌனத்தைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசினார். அன்று நோட்டில் பெரியம்மா எழுதியிருப்பது: "இந்தத் தவக்காலத்தில் ஒரு பழியையாவது நியாயம் பேசாமல் ஏற்றுக்கொள்வேன்."

நான்காம் வாரத்தில் பழி வந்தது. பெண்கள் வார்டில் அறுவை முடிந்த இருவருக்குப் புண் சீழ் பிடித்தது. இருவருக்கும் ஒரே நாளில் கிருமி நீக்கிய கருவிகள். மேட்ரன், அதாவது தலைமைச் செவிலியர், பெரியம்மாவைத் தம் அறைக்கு அழைத்தார்.

"நேரத்துக்கு முன்னாடி தொறந்தீங்களா?"

பெரியம்மா பேசவில்லை.

"கேக்குறேன்ல? இருபது நிமிஷம் முழுசா விட்டீங்களா, இல்லையா?"

பெரியம்மா தலையைக் குனிந்துகொண்டார்.

"அப்ப தொறந்திருக்கீங்க."

"மன்னிச்சிடுங்க மேடம்."

மேட்ரன் ஒரு தாளில் ஒரே ஒரு வரி எழுதினார்: 'நேரத்திற்கு முன் இயந்திரத்தைத் திறந்ததை ஊழியர் ஒப்புக்கொண்டார்.' பெரியம்மா அதன் கீழ் கையெழுத்திட்டார். தாம் பொய் எதுவும் சொல்லவில்லை, பிறர் எழுதியதை மறுக்கவில்லை, அவ்வளவுதான் என்று அப்போது நினைத்தாராம். அன்றே சலவைப் பிரிவுக்கு மாற்றினார்கள். அன்றைய நோட்டுக் குறிப்பு: "கிடைத்துவிட்டது. ஒரு வார்த்தையும் பேசவில்லை. வீட்டுக்கு நடந்து வரும்போது மனம் அவ்வளவு லேசாக இருந்தது. ஆண்டவருக்கு நன்றி."

சலவைப் பிரிவில் முதல் எட்டு நாள் இப்படியே போயிற்று. எதிரில் வந்த பழைய சகாக்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டதை அவர் எண்ணிக்கையோடு குறித்திருக்கிறார். இரண்டாம் நாள் மூன்று பேர். நான்காம் நாள் ஐந்து. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு சிறு சிலுவை. ஏழாம் நாள் குறிப்பு மட்டும் வேறு விதமானது: "ஆண்கள் வார்டில் ஓர் ஓட்டுநருக்குக் காய்ச்சலாம். காலில் புண் சரியில்லையாம். அவருக்காக ஒரு செபமாலை."

ஒன்பதாம் நாள் காலை பதினொரு மணிக்கு அதே மருத்துவமனையில் அம்மாவுக்குக் கருப்பைக் கட்டி அறுவை. தேதி வாங்கிக் கொடுத்தவரே பெரியம்மாதான். அப்பா அப்போது தொலைவில் வேலையில் இருந்தார். மறுநாள்தான் வந்துசேர முடியும். "நான் அங்கேயேதானே இருக்கேன், உனக்கென்ன பயம்?" என்று சொல்லித்தான் அம்மாவை வார்டில் சேர்த்திருந்தார்.

அன்று காலை ஏழரை மணிக்குச் சலவைக்கு வந்த துணிகளைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, 'தனியாக வெளுக்கவும்' என்று சீட்டுக் கட்டிய மூட்டை ஒன்று கைக்கு வந்தது. சீழ்பட்ட துணிக்குத்தான் அந்தச் சீட்டு. கொண்டுவந்த வார்டு ஆயாவைப் பெரியம்மா கேட்டார்.

"யாருதுங்க இது?"

"அந்த பஸ் டிரைவரோடது. கால் எலும்பு ஒடஞ்சு ப்ளேட் வச்சாங்கல்ல, அவருது. நாத்தம் தாங்கல."

"எப்ப ஆபரேஷன் பண்ணாங்க?"

"உங்கள இங்க மாத்துன மறுநாளு. எதுக்குக் கேக்குறீங்க?"

"மறுநாளா?"

"ஆமா. அன்னைக்குத்தான் உங்க ரூம்ல புது ஆளு."

பெரியம்மா துணியைக் கீழே வைக்கவில்லையாம். கையில் பிடித்தபடியே நின்றாராம். தாம் நேரத்துக்கு முன் திறக்கவில்லை என்பது அவருக்கு ஒன்பது நாளாகத் தெரியும். ஆனால் திறக்கவில்லையென்றால் அந்தப் பெண்களின் புண் எதனால் கெட்டது என்ற அடுத்த கேள்வியை அவர் ஒரு முறைகூடத் தம்மைக் கேட்டுக்கொண்டதில்லை. "என் மேல தப்பில்லன்னா தப்பு வேற எங்கயோ உயிரோட இருக்குன்னு ஒரு சின்னப் புள்ளைக்குத் தெரியும். எனக்குத் தெரியல. நான் என்னையே பாத்துக்கிட்டு இருந்தேன்" என்று பிற்காலத்தில் சொன்னார்.

அறுவைக்கு மூன்றரை மணி நேரம் இருந்தது.

மேட்ரன் அறைக்குள் போக எட்டேகால் ஆயிற்று. அங்கே ஓர் எழுத்தரும் இருந்தார்.

"மேடம், நான் அன்னைக்கு மிஷின சீக்கிரம் தொறக்கல. மிஷின்லதான் ஏதோ கோளாறு. இன்னைக்கு ஆபரேஷன நிறுத்தச் சொல்லுங்க."

"இது உங்க கையெழுத்துதானே?"

"என்னுதுதான்."

"அப்ப அன்னைக்குச் சொன்னது உண்மை, இன்னைக்குத் தங்கச்சிக்கு ஆபரேஷன்னதும் பயத்துல மாத்திப் பேசுறீங்க."

"இல்ல மேடம். அன்னைக்குத்தான் பொய்."

"செய்யாத தப்ப எவளாவது ஒத்துக்குவாளா? ஏன் ஒத்துக்கிட்டீங்க?"

இதற்குப் பதில் சொல்வதுதான் தம் வாழ்நாளில் மிகக் கடினமாக இருந்தது என்று பெரியம்மா சொல்லியிருக்கிறார். ஆண்டவருக்கும் தமக்கும் மட்டும் தெரிந்த ஒன்றை, கோப்புகளுக்கு நடுவில், எழுத்தர் கேட்கச் சொல்ல வேண்டியிருந்தது.

"தவக்கால வைராக்கியம் மேடம். ஒரு பழிய பேசாம ஏத்துக்கணும்னு நேந்துக்கிட்டேன்."

எழுத்தர் சிரிப்பை அடக்க இருமினார். மேட்ரன் சிரிக்கவில்லை.

"உங்க நேர்த்திக்கடனுக்கு என் வார்டுதான் கெடச்சுதா?"

"தப்புதான் மேடம். என்னை என்ன வேணா செய்யுங்க. மிஷின மட்டும் ஒரு தடவ தொறந்து பாக்கச் சொல்லுங்க."

"மிஷின்ல கொறையில்லன்னு ரிப்போர்ட் போயாச்சு. எத வச்சுப் போச்சு? நீங்க போட்ட கையெழுத்த வச்சுத்தான். பட்டையெல்லாம் கறுத்துத்தான் இருக்கு, முள்ளும் சரியாக் காட்டுது. போய் வேலையப் பாருங்க. இன்னொரு வார்த்தை பேசுனா சஸ்பெண்ட் ஆர்டர்தான்."

பெரியம்மா வார்டுக்கு ஓடினார். அறுவைக்கு முந்திய ஊசியை அம்மாவுக்கு எட்டு மணிக்கே போட்டுவிட்டிருந்தார்கள். கண் செருகிக்கொண்டிருந்தது.

"ஏய், எந்திரி. ஆபரேஷன் வேணாம்னு சொல்லிடு."

"நீதானேக்கா தேதி வாங்குன..."

"நான் அந்தத் தப்ப செய்யலடி. மிஷின் கெட்டுப்போயிருக்கு."

அம்மாவுக்கு அது எங்கோ எட்டியிருக்கிறது. "செய்யலயா? ஒன்பது நாளா நான் ஒருத்தர் மூஞ்சியிலயும் முழிக்க முடியாம... அக்கா, நீ செய்யலயா?" என்று குழறிக் கேட்டுவிட்டுத் தூங்கிப்போனார். தூங்குகிறவர் மறுத்துக் கையெழுத்திட முடியாது. அக்காள் மறுத்தால் செல்லாது என்று செவிலியர் சொல்லிவிட்டார்.

அறுவைக்கூடத்தின் வாசலில் பெரியம்மா ஒரு மருத்துவரை மறித்தார். "ஓரமா நில்லுங்கம்மா" என்று அவர் நடந்துபோனார். இன்னொருவர் மேட்ரனிடம் பேசச் சொன்னார். கிருமி நீக்கும் அறையில் புதிய ஆள் கதவைப் பாதி திறந்து, "உங்கள உள்ள விடக்கூடாதுன்னு ஆர்டரு" என்றார். அவர் பின்னால் இயந்திரம் இரைந்துகொண்டிருந்தது. பதினொரு மணி அறுவைக்கான கருவி மூட்டைகள் காலையிலேயே போய்விட்டன என்றார். கோளாறானால் சூடு குறைவது கீழ்த்தட்டில்தான் என்பதால், கீழ்த்தட்டிலிருந்து எவை, மேல்தட்டிலிருந்து எவை என்று பெரியம்மா கேட்டதற்கு, "எல்லாம் ஒண்ணுதானே?" என்றார்.

பத்து மணி பத்து நிமிடத்துக்குப் பெரியம்மா கொதிகலன் அறையில் இருந்தார். குழாய் வேலை பார்த்தவருக்கு 'ஸ்பானர்' என்று பெயர். கோயில் பக்கமே போகாதவர். பெரியம்மாவின் செபமாலையைப் பார்த்தால் சும்மா விடமாட்டார்.

"கடிகாரம்மா சீக்கிரம் தொறந்துச்சுன்னு சொன்னப்ப விழுந்து விழுந்து சிரிச்சேன். சூரியன் வேணா சீக்கிரம் எந்திரிக்கும், நீங்க தொறக்க மாட்டீங்க."

"அப்ப ஏன் மிஷின பாக்கல?"

"நல்லா கேட்டீங்க போங்க! குத்தவாளி தானா வந்து கைய நீட்டுன பிறகு மிஷின எவன் தொறப்பான்?"

"இப்பப் பாருங்க. உங்க கால்ல விழுறேன்."

"விழாதீங்க, எண்ணெய் சிந்திக் கெடக்கு. மேட்ரன் சீட்டு இல்லாம தொட்டா என் வேல போயிரும். போனா உங்க சாமி வந்து எனக்குப் பைப்பு வேல குடுப்பாரா?"

"தெரியல தம்பி. குடுப்பார்னு சொன்னா அதுவும் பொய்யாப் போயிடும். என் தங்கச்சி அங்க மயங்கிக் கெடக்குறா."

அவர் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.

புதிய ஆளை ஸ்பானர் தோளால் நகர்த்திவிட்டு நீராவியை அடைத்தார். இயந்திரம் தணிய வேண்டியிருந்தது. பெரியம்மா சுவர்க் கடிகாரத்தையும் கைக்கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாராம். அன்று இரண்டும் ஒத்துப்போகவில்லை, இரண்டு நிமிட வேறுபாடு. பத்து நாற்பதுக்கு இயந்திரத்தின் அடியிலிருந்த குழாயின் வடிகட்டி கழன்றது. மூட்டைத் துணிகளின் பஞ்சு பல மாதங்களாகச் சேர்ந்து, கட்டைவிரல் தடிமனில், நனைந்த கம்பளித் துண்டு போல அடைத்துக் கிடந்தது.

"பாத்தீங்களா? உள்ள இருக்குற காத்து வெளிய போக வழியே இல்ல. மேல்தட்டு வேகுது, கீழ்த்தட்டு வெறுமனே குளிச்சிட்டு வருது. பட்டை கொஞ்சம் சூடு பட்டாலே கறுத்துடும், முள்ளும் சமத்தாக் காட்டும்."

பெரியம்மா அதை ஒரு தட்டில் போட்டுக்கொண்டு ஓடினார். அறுவைக்கூடத்தின் முன் தரையில் சிவப்புக் கோடு ஒன்று உண்டு. வெளிச் செருப்போடு யாரும் அதைத் தாண்டக்கூடாது. செருப்பை உதறிவிட்டுத் தாண்டினார். பத்தொன்பது ஆண்டுகளில் அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. அன்று கீழ்த்தளம் வரை கேட்டதாம். அம்மாவின் தள்ளுவண்டி அப்போது நடையில் இருந்தது என்கிறார் ஸ்பானர். தம்மை மேசையிலேயே ஏற்றிவிட்டதாகவும், விளக்கு கண்ணில் பட்டது நினைவிருப்பதாகவும் அம்மா சொல்வார். இரண்டையும் எழுதிவைக்கிறேன்.

அறுவை மருத்துவர் கழுவிய கைகளை உயர்த்தியபடி வெளியே வந்தார்.

"யாரும்மா நீங்க?"

"அந்த மிஷின பாத்துக்கிட்டவ சார். பொய்க் கையெழுத்துப் போட்டவ."

மருத்துவர் தட்டைப் பார்த்தார். இன்றைய மூட்டைகளில் எவை கீழ்த்தட்டு என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. அன்றைய அறுவைகள் நான்கையும் நிறுத்தச் சொன்னார். அம்மாவுக்கு ஐந்து வாரம் கழித்து, வேறு இயந்திரத்தில் கிருமி நீக்கிய கருவிகளால் அறுவை நடந்தது. நலமாக வீடு திரும்பினார்.

மருத்துவமனைக் கடிதத்தில், பொய் வாக்குமூலம் தந்து ஆய்வைத் தடுத்ததற்காகப் பெரியம்மாவுக்கு எழுத்துவழி எச்சரிக்கை விடுத்து, சலவைப் பிரிவிலேயே நிரந்தரமாக வைத்திருக்கிறார்கள். அது நியாயமான தண்டனை. அதனால் அதில் அவருக்கு ஒரு சுகமும் கிடைக்கவில்லை. அன்று நோட்டில் சிலுவை இல்லை.

அந்தச் சனிக்கிழமை பங்குச் சாமியாரிடம் பாவத்தை அறிக்கையிட, பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார். அங்கே நடந்ததைப் பெரியம்மாவே என்னிடம் சொன்னார்; சாமியார்தான் வெளியே சொல்லக்கூடாது, சொல்ல அவருக்கு உரிமை உண்டு.

"தாழ்ச்சியா இருக்கணும்னுதான் சாமி செஞ்சேன்."

"பொய்ச்சாட்சி சொல்லாதேன்னு கட்டளை இருக்கே. உங்க மேல சொல்லிக்கிட்டா பரவாயில்லன்னு அதுல எங்கயாவது போட்டிருக்கா?"

"இல்ல சாமி."

"உள்ளத உள்ளபடி சொல்றதுதான்மா தாழ்ச்சி. நீங்க செஞ்சது வேஷம். ஆண்டவரு முன்னாடியே நடிச்சுக் காட்டியிருக்கீங்க."

பெரியம்மா பெரிய தவமுயற்சி ஒன்றைக் கேட்டார். வேலையை விட்டுவிடுவதாகவும், ஓராண்டு மௌனமாக இருப்பதாகவும் சொல்லிப் பார்த்தார்.

"மறுபடியும் மௌனமா? போதும்மா. அந்த டிரைவர்கிட்டப் போங்க. நடந்தத கூட்டாம கொறைக்காம சொல்லுங்க. அவரு கேக்குறதுக்கெல்லாம் பதில் சொல்லுங்க. அழாதீங்க. அழுதா அவரு உங்களத் தேத்த வேண்டியிருக்கும்."

போவதற்கு அவருக்குப் பன்னிரண்டு நாள் பிடித்தது. இரண்டு முறை வார்டு வாசல் வரை போய்த் திரும்பினார். அதற்குள் புண் எலும்பில் இறங்கி, ஓட்டுநரின் வலது காலை முழங்காலுக்குக் கீழ் எடுத்துவிட்டார்கள். மூன்றாம் முறை பெரியம்மா உள்ளே போனபோது அவர் சன்னலோரக் கட்டிலில் சாய்ந்திருந்தார். பெரியம்மா நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார்.

"எனக்கு ஆபரேஷன் பண்ணப்ப உங்களுக்குத் தெரியுமா?"

"என் மேல தப்பில்லன்னு தெரியும். அப்ப மிஷின் மேல தப்புன்னு யோசிக்கல."

"ஏன் யோசிக்கல?"

"சந்தோஷமா இருந்தேன்."

ஓட்டுநர் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எனக்குக் காய்ச்சல்னு கேள்விப்பட்டீங்களா?"

"உங்க துணி சலவைக்கு வர்றதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே கேள்விப்பட்டேன்."

"என்ன செஞ்சீங்க?"

"செபமாலை சொன்னேன்."

"உங்க தங்கச்சிக்கு அன்னைக்கு ஆபரேஷன் இல்லன்னா? அப்பவும் இப்படி ஓடியிருப்பீங்களா?"

ஓடியிருப்பேன் என்று சொல்ல நாக்கு எழுந்தது என்றார் பெரியம்மா. ஓடியிருக்கமாட்டேன் என்று சொல்லவும் எழுந்ததாம். அதில் பழைய சுகம் கொஞ்சம் ஒட்டியிருந்ததாம். இரண்டையும் விழுங்கினார்.

"தெரியல."

"வெளிய போங்க."

பெரியம்மா வெளியே வந்துவிட்டார். மன்னிப்பு என்ற சொல் இருவர் வாயிலும் வரவில்லை. பின்னர் அந்த ஓட்டுநர், பேருந்துப் பணிமனையில் சீட்டு கொடுக்கும் வேலையில் அமர்ந்ததாக ஸ்பானர் வந்து சொன்னார். அந்தப் பணிமனை வழியாகத்தான் பெரியம்மா தினமும் வேலைக்குப் போக வேண்டும். வேறு தெருவைத் தேடாமல் அதே வழியில் போய்வந்தார். சீட்டுச் சன்னலுக்குள் இருந்த ஓட்டுநர் சில நாள் பார்த்தார், பல நாள் பார்க்கவில்லை.

நோட்டில் அதன் பிறகு தவக்கால வைராக்கியங்கள் இல்லை. இருபத்துமூன்று பக்கங்கள் வெறுமையாகக் கிடக்கின்றன. கடைசிப் பக்கத்தில் மட்டும் ஓட்டுநர் இறந்த தேதி. அந்தத் தேதியிலிருந்து கால் எடுத்த தேதியைக் கழித்துப் பார்த்தேன்.

ஓட்டுநர் ஒற்றைக் காலோடு வாழ்ந்தது பதினெட்டு ஆண்டுகள்.